இரண்டுங்கெட்டான் வண்டியும் ஒரு மலையும்

மார்ச் 2, ஞாயிறு

அதே மரம், அதே பாறை, அதே தோல்வி. பின்சக்கரம் இரண்டு சுற்று வெறுமனே சுழன்றது, முன்சக்கரம் ஒரு பக்கம் ஓடியது, நான் காலை ஊன்றிவிட்டேன். இந்த ஆண்டில் இது ஐந்தாவது தடவை. வண்டி என்று நான் சொல்வது என் கிராவல் சைக்கிளை. கிராவல் என்றால் சரளை; ரோடு பைக்குக்கும் மவுன்டன் பைக்குக்கும் நடுவில் நிற்கும் ரகம்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலிலிருந்து மலையடிவாரம் வரை 17 கிமீ தார்ச்சாலை. சிக்னல், பஸ், லாரி எல்லாம் உண்டு. அப்புறம் 5 கிமீ மண்பாதை, மொத்த ஏற்றம் 400 மீட்டர். முதல் 4.7 கிமீ மூச்சு வாங்கினாலும் பேசிக்கொண்டே ஏறலாம். கடைசி 300 மீட்டர்தான் வில்லன். சரிவு 18 சதவீதம், முழுக்க உதிரிச் சரளை. கல் பெரிதாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதன் மேல் ஏறிவிடலாம். கோலிக்குண்டு அளவுக் கற்கள்தான் டயருக்கு அடியில் உருண்டு காலை வாருகின்றன.

மார்ச் 4, செவ்வாய்

வண்டி ஓட்டாத நாளில் கணக்கு போட்டேன். நானும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ. முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரத்தில் 42 பல். நிமிடத்துக்கு 50 மிதி என்று வைத்தால் வேகம் மணிக்கு 6.3 கிமீ. அந்த வேகத்தில் 18 சதவீதச் சரிவில் ஏற 290 வாட் அளவுக்குத் தேவைப்படுகிறது. என் கால்கள் மூன்று நிமிடம் தாங்குவது 260 வாட், அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில்.

மனதைத் திடப்படுத்திக்கொள், இன்னும் பயிற்சி செய் என்றெல்லாம் இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சிக்கல் மனதில் இல்லை, பல்சக்கரத்தில் இருந்திருக்கிறது.

மார்ச் 8, சனி

முன்பக்கம் 36 பல் செயின்ரிங் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்) போட்டாயிற்று. செயினில் இரண்டு கண்ணி குறைக்க வேண்டியிருந்தது. இப்போது 50 மிதியில் 5.7 கிமீ வேகம், கிட்டத்தட்ட 260 வாட். பதிலுக்குத் தார்ச்சாலையில் கொஞ்சம் இழப்பு. நிமிடத்துக்கு 90 மிதி போட்டாலும் 39 கிமீ வேகத்துக்கு மேல் போகாது. நகரத்துப் போக்குவரத்தில் அந்த வேகத்துக்கு எனக்கு எங்கே வழி கிடைக்கப்போகிறது?

டியூபையும் கழற்றிவிட்டு டியூப்லெஸ் ஆக்கினேன். சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றி, விளிம்பு 'டப்' என்று ரிம்மில் உட்காரும் சத்தம் வரும்வரை கைபம்ப்பால் அடித்ததில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. டியூப் இருந்தபோது காற்றைக் குறைக்கவே பயம். கல்லில் இடித்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை. இனி அந்தப் பயம் இல்லை. 40 மிமீ டயரில் காற்றழுத்தம் முன்பக்கம் 28 பிஎஸ்ஐ, பின்பக்கம் 31. முன்பு இரண்டிலும் 45 வைத்திருந்தேன். அவ்வளவு காற்றடைத்த டயர் சரளையில் பந்துபோல் துள்ளும். காற்று குறைந்தால் டயர் கற்களின் மேல் அமுங்கி, அவற்றைக் கவ்விப் பிடிக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

நண்பன் ஒருவன் மவுன்டன் பைக்கில் கூட வந்தான். முன்னால் சஸ்பென்ஷன், கையகலத்துக்கு டயர். மலையடிவாரத்துக்கு வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தான். நான் 17 கிமீ மிதித்து வந்து நின்றதைப் பார்த்து, "வர்றதுக்குள்ளேயே பாதி செத்துட்டியேடா" என்றான்.

ஏற்றத்தில் என் பின்னாலேயே வந்து கவனித்தான். பாறைக்கு முன்னால் நான் வழக்கம்போல எழுந்து நின்று மிதித்தேன், பின்சக்கரம் வழக்கம்போல வழுக்கியது.

"எதுக்குடா எந்திரிக்கிற? எந்திரிச்சா உன் எடை முன்னாடி போயிடுது, பின்னாடி டயர்ல பாரமே இல்ல, அப்புறம் அது சுத்தாம என்ன செய்யும்? உட்காரு. ஆனா சீட்டு நுனியில உட்காரு. நெஞ்சைத் தாழ்த்து. கையை ஹேண்டில்பார்ல சும்மா வை, இழுக்காத."

முழுக்கப் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும், எழுந்தால் பின்சக்கரம் வழுக்கும். இடையில் ஒரு சாண் இடம்தான் இருக்கிறது. அதில் உட்கார இடுப்பைவிட வயிற்றுத் தசைக்குத்தான் அதிக வேலை. இன்று பாறையைத் தாண்டி இன்னும் நாற்பது மீட்டர் போனேன். அதற்குள் சிரித்துவிட்டேன், மூச்சு போய்விட்டது.

இறக்கத்தில் அவன் கல் உருண்டதுபோல் போய்விட்டான். நான் பிரேக்கைப் பிடித்தபடி ஊர்ந்து வந்தேன். கீழே எனக்காகக் காத்திருந்தவன் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மார்ச் 13, வியாழன்

இந்த வண்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் படித்தேன். கிராவல் பந்தயம் என்றால் எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் கான்சாஸில் 2006இல் தொடங்கிய 200 மைல் போட்டியை. ஃப்ளின்ட் ஹில்ஸ் புல்வெளிகளின் நடுவே, மேடும் பள்ளமுமாக முடிவில்லாமல் போகும் மண்சாலைகள் அவை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ, கிராவலுக்கென்றே ஜிஆர்எக்ஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்தது 2019இல். 2022இல் இத்தாலியின் வெனெட்டோவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்களுக்கு 194 கிமீ, அதிலும் பெரும்பகுதி சமதரை. பெல்ஜியத்தின் ஜானி வெர்மியர்ஷ் வென்றார்.

ஆக, நீண்ட தூரம் கால் நீட்டி ஓடுவதற்குப் பிறந்த வண்டி இது. செங்குத்தான காட்டுப்பாதைக்கு இதைக் கூட்டிப்போவது என் வீம்பு. ஆனால் மவுன்டன் பைக்கில் 17 கிமீ தார்ச்சாலை மிதித்துப் பாருங்கள், டயரின் 'ங்ங்' சத்தத்திலேயே வெறுத்துவிடும். ரோடு பைக்கோ மண்பாதையின் முதல் வளைவிலேயே கைவிட்டுவிடும். நகரத்திலிருந்து கார் இல்லாமல் மலைக்குப் போக நினைப்பவனுக்கு இந்த இரண்டுங்கெட்டான்தான் வாய்த்தது.

மார்ச் 15, சனி

இரவு முழுக்க மழை. போகவில்லை.

ஈரத்தில் ஓட்டுவது வீரம் என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல், வண்டியைத் தோளில் சுமந்து இறங்கிய நாளில் அந்த எண்ணம் போயிற்று. அதோடு ஈர மண்ணில் டயர் போட்ட தடம் காய்ந்ததும் வாய்க்காலாகிவிடும், அடுத்த மழை அதன் வழியாகவே மண்ணை அரித்துப் போகும். அந்தக் கடைசி 300 மீட்டர் இவ்வளவு மோசமானதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

விழுந்தேன். இறக்கத்தில். எலும்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கையில் தோல் போயிற்று.

ஹேண்டில்பாரின் மேல்பக்கம், பிரேக் குமிழ்களின் மேல் கை வைத்துத்தான் எப்போதும் இறங்குவேன். அங்கிருந்து பிரேக் பிடிக்க விரல்களுக்குப் போதுமான நெம்புகோல் பலம் கிடையாது. ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை மரத்துவிடும். மரத்த கை பிரேக்கை அளந்து பிடிக்காது, ஒன்று விடும் அல்லது நெரிக்கும். இன்று நெரித்தது, முன்சக்கரம் பூட்டிக்கொண்டது.

வளைந்த கீழ்ப்பிடியில் கை வைத்து இறங்க வேண்டும். அங்கே இரண்டு விரல் போதும். மூக்கு தரைக்குப் பக்கத்தில் போவதுபோல் இருப்பதால் மனம் ஒப்பவே மாட்டேன் என்கிறது. ஆனால் உடல் தாழ்ந்தால்தான் வண்டி நிலைக்கிறது. மிதிகள் இரண்டையும் மட்டமாக வைத்து, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து, முழங்காலைத் தளர்வாக விட வேண்டும். சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்கு நம் மூட்டுகள்தான் சஸ்பென்ஷன்.

பிரேக்கும் ஓலமிட ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு கணக்கு: 85 கிலோ 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 333 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். காற்றும் சரளையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். என்னைப்போல் ஊர்ந்து இறங்குகிறவனுக்கு மீதியெல்லாம் சக்கரங்களோடு சுற்றும் இரண்டு மெல்லிய இரும்பு பிரேக் தட்டுகளின் தலையில்தான். விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் அந்தத் தட்டுகளை அழுத்தும் ரெசின் பேடுகளின் முகம் கண்ணாடிபோல் பளபளக்கிறது.

மார்ச் 26, புதன்

உலோகக் கலவை பேடு மாற்றினேன். சத்தம் கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும், ஈரத்தில் சீக்கிரம் தேயாது. மாடி பார்க்கிங்கில் இருபது தடவை வேகமெடுத்து, சக்கரம் பூட்டாமல் நிதானமாகக் குறைத்துப் புதுப் பேடுகளைப் பழக்கினேன். இதைச் செய்யாமல் நேராக மலைக்குப் போவது முட்டாள்தனம். வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

ஏறிவிட்டேன்.

தனியாகத்தான். சீட்டு நுனி, நெஞ்சு தாழ்வு, கை தளர்வு. பாறை வந்தது, போனது. நாற்பது மீட்டர் வந்தது, போனது. பார்வையை டயரிலிருந்து எடுத்துப் பத்தடி முன்னால் வைத்ததும் வழி தானாகவே கிடைத்தது. கடைசியில் கண்ணில் வியர்வை இறங்கி ஒன்றும் தெரியவில்லை. பாதை சமமானதைக் கால்தான் சொல்லிற்று.

மேலே ஒரு ஆள் இல்லை. நகரம் இருக்கும் பக்கம் முழுக்க மூடுபனி. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, போனில் சிக்னலும் இல்லை. அந்த 300 மீட்டரை இறங்கும்போது நடந்தேன். முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை, அதை மறக்க எனக்கு விருப்பமும் இல்லை. கீழே வந்தபின் ஏறி உட்கார்ந்து, கீழ்ப்பிடியில் இரண்டு விரலோடு, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவில் விட்டு, மெதுவாக வந்தேன். கை மரக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாறையைத் தாண்டிய உற்சாகத்தில் இருந்தேன். மேலேயிருந்து ஏழெட்டுப் பேர் நடந்து இறங்கி வந்தார்கள், பாதை முழுக்க. நடப்பவருக்குச் சைக்கிள்காரன்தான் வழிவிட வேண்டும். நின்றேன். அந்தச் சரிவில் நின்ற வண்டியை மறுபடி கிளப்ப முடியாது. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தேன்.

கடைசியாக வந்த பெரியவர் நின்று, "இவ்வளவு தூரம் சைக்கிளைக் கொண்டுவந்துட்டு, ஏன் தம்பி தள்ளிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

"இறங்கும்போது ஓட்டலாம்னுதாங்க" என்றேன்.

மேலே போய், அவர்கள் கடைசி வளைவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.