மூன்று புள்ளி வைக்க இரண்டு கொழும்புப் பயணம்

கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, எட்டரைக்கே உலோகப் பரிசோதனைக்கூடத்தில் போய் நின்றேன். கையில் ஒரு சொப்பின் பை, உள்ளே பழைய பேப்பரில் சுற்றிய, முறிந்த உருக்குப் பின் (இணைப்பாணி) ஒன்று. பத்து மணிக்குக் கருமபீடத்தில் கிடைத்தது ஒரேயொரு கேள்வி: "கடிதம் எங்கே?" கராஜின் தலைப்புத்தாளில் எழுதிய கோரிக்கைக் கடிதமும், வியாபாரப் பதிவுப் பிரதியும் வேண்டுமாம். முதல் நாள் போனில் கேட்டபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றது மட்டும்தான்.

உருக்கின் கடினத்தை அளக்கத்தான் போனேன். காலபோகத்து நெல் ஏற்றிக்கொண்டு வந்த லான்ட் மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டி, அதைக் கொளுவ நான் செய்துகொடுத்த பின் முறிந்ததால் வாய்க்கால் கட்டில் கழன்றுவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, மூடைகள்தான் தண்ணீருக்குள். நல்ல ஈஎன் 19 என்ற கலப்பு உருக்கு, காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்தது. முறிந்த முகத்தைப் பார்த்தால் சீனி கொட்டினதுபோல மினுங்கியது. வளையவே இல்லை, கண்ணாடி மாதிரிப் போயிருக்கிறது. அதே நாளில் செய்த இன்னும் பதினொரு பின் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு திரும்புமுன், உள்ளே இருந்த பரிசோதகரை என் அரைகுறைச் சிங்களத்தில் பிடித்துக் கேட்டேன். பொறுமையான மனிதர். கடிதம் இருந்தாலும் இதை இப்படியே அளந்திருக்க முடியாது என்றார். உருண்டையான பக்கத்தில் அளந்தால் இலக்கம் குறைத்துக் காட்டும். துண்டாக வெட்டி, இரண்டு முகமும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் இருக்கவேண்டும். மெசினோடு வந்த பழைய பின் ஒன்றையும் ஒப்பிடக் கொண்டுவரச் சொன்னார். இதைக் கருமபீடத்தில் ஒரு தாளில் ஒட்டிவைத்தால் எத்தனை பேருடைய பஸ் காசு மிஞ்சும்!

அடுத்த கிழமை கடிதம், பிரதி, அடையாள அட்டை எல்லாவற்றோடும் போனேன். ஒரு காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்ட டோர்ச் பற்றரிக்கே விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. இப்போது இரும்புத் துண்டோடு போனாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. கருமபீடம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பரிசோதகர் என் துண்டைக் கையில் எடுத்ததுமே சிரித்தார். வெட்டின முகத்தில் மயில்கழுத்து நீலம். கிரைண்டரில் தண்ணீர் ஊற்றாமல் வெட்டியிருக்கிறேன். அந்த நீலம் வந்தால் மேற்பரப்பு 300 பாகை அளவுக்குச் சுட்டிருக்கிறது, அதன் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, அங்கேயே தண்ணீரோடு உரசித் தந்தார். மத்தியானம் வரை காத்திருப்பு.

அளப்பது ஒரு நிமிட வேலை. வைரக் கூம்பு முதலில் 10 கிலோ பாரத்தோடு தொடும், பிறகு மொத்தம் 150 கிலோ வரை பாரம் ஏறும். உருக்கின் கடினத்தைச் சொல்லும் ரொக்வெல் சி அளவில் ஒரு இலக்கம் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆழம்தான். ஆகவே துண்டுக்கு அடியில் சின்னப் பிசிறு, தூசி, கறள் எது இருந்தாலும் கணக்குப் பிழைக்கும். அடிப்பக்கத்தையும் அரத்தால் வழித்துத் துடைத்துக்கொண்டு போங்கள். ஒரு புள்ளிக்குப் பக்கத்திலேயே அடுத்ததை வைக்கவும் விடாதீர்கள். புள்ளியின் அகலத்தைப்போல மூன்று மடங்காவது தள்ளியிருக்கவேண்டும்.

என்னுடையது 53. மெசினோடு வந்தது 32.

தோய்த்த பிறகு திரும்பச் சூடாக்கிப் பதம் இறக்காததுதான் பிழை. "கொல்லர் நிறம் பார்த்துச் செய்வார்" என்றேன். அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை செய்த 8 இலட்சத்துக்குக் குறைந்த தொடர் இலக்கமுள்ளவற்றை நம்பமாட்டார்களாம். சூட்டைக் கண்ணால் மட்டுக்கட்டிச் செய்தவை. வெயில் நாளில் நிறம் மங்கலாகத் தெரிய, கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள். சில வெடித்துச் சிதறின. என் பின்னுக்கு வேண்டிய 580 பாகையில் நிறமே உதவாது. நீலமும் போய்விடும், பகல் வெளிச்சத்தில் சிவப்பும் சரியாகத் தெரியாது.

ஊருக்குள் இருந்த பதினொன்றையும் திருப்பி வாங்கி, யாழ்ப்பாணத்தில் வெப்பமானி பூட்டிய மின்சூளை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பதம் இறக்கினேன். அதிலொன்றில் வெட்டிய துண்டை அளக்கக் கூரியரில் அனுப்பினேன்: 33.

கதையைக் கேட்ட பெரியப்பா, "அரம் போட்டுப் பாத்தனியோ?" என்றார். பாக்கி இருந்த முறிந்த துண்டில் போட்டுப் பார்த்தேன். பாதி வழுக்கியது. பழைய பின்னில் வெண்ணெய்போலக் கடித்தது. இலக்கம் தராதுதான். ஆனால் எதற்குக் கொழும்புக்குப் போகிறேன் என்றாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

போன கிழமை புதிதாக ஒரு பின் வாங்க வந்தவர், மேசையிலிருந்த துண்டைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன தம்பி, ஊசி குத்தின மாதிரி மூண்டு ஓட்டை?" என்று கேட்டார். இரண்டு பயணத்தின் பஸ் டிக்கெட்டையும் அதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினேன்.