டெர்பி டிக்கெட் எடுத்த கதை: கேட் நம்பரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் கால்பந்து ஆட்டமான கொல்கத்தா டெர்பிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த கேலரி யாருடைய பக்கம் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் தவிர வேறெதையும் அறியாத 74 வயதுப் பெரியவரை மோகன் பகான் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பேன்.

அவர் என் வீட்டு ஓனர். மேஷோ (வங்காளத்தில் சித்தப்பா மாதிரி) என்றுதான் கூப்பிடுவேன். தெற்கு கொல்கத்தா பிஜய்கரில் அவர் வீட்டு மாடியில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். பிரிவினையில் கிழக்கு வங்கத்து ஊரான பரிசாலை விட்டு வந்த குடும்பம், அதனால் ஈஸ்ட் பெங்கால். கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’ என்றால் சிவப்பும் தங்கமும், இந்தப் பக்கத்துப் பூர்வீக ‘கோட்டி’ என்றால் பச்சையும் மெரூனும், அதாவது மோகன் பகான். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இலிஷ் (ஹில்சா) மீன், மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால். நான் தெற்கிலிருந்து வந்தவன் என்று தெரிந்த அன்றே மேஷோ ஐந்து பெயர்களை விரல்விட்டுச் சொன்னார்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. 1949-லிருந்து சில வருடங்கள் ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்கள்’. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். “அப்போ நீயும் நம்ம ஆள்தான்” என்று முடித்துவிட்டார்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்டேடியத்துக்குப் போகவே இல்லை. இந்த முறை கூட்டிப்போகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

ஆன்லைனில் டிக்கெட் திறந்ததும் என் கார்டுக்கு ஓடிபி வரவில்லை. இருக்கைகள் கண்ணெதிரே தீர்ந்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் பக்கத்து சீட் நண்பர் தன் கணக்கிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தார். முதல் தவறு அதுதான். போனில் வந்தது டிக்கெட் இல்லை, வெறும் ரசீது. அதைக் கவுண்டரில் காட்டிக் காகித டிக்கெட்டாக மாற்ற வேண்டும். இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்று ஜன்னலை அடைந்தால், பதிவில் இருக்கும் பெயர்க்காரர் நேரில் வர வேண்டும் என்றார்கள். நண்பரோ அன்று காலை ஊருக்குப் போய்விட்டார். வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு அந்த ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஹோபே நா” (முடியாது) என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வழி இருந்தது. வரிசையில் நின்ற ஒரு பையன்தான் சொன்னான்: கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் இருந்தால் போதும். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டையும் கொண்டு போனேன். நகலிலும் கையெழுத்து வேண்டுமாம். நண்பரை மறுபடி பிடித்து, கையெழுத்திட்ட நகலை வாட்ஸப்பில் வாங்கி, ஜெராக்ஸ் கடை தேடி ஓடித் திரும்பினால் ஜன்னல் மூடியிருந்தது. சாப்பாட்டு நேரம். ஒரு வழியாக மூன்றரை மணிக்கு டிக்கெட் கைக்கு வந்தது.

வீட்டில் மேஷோ கண்ணாடியைப் போட்டு கேட் நம்பரைப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “இது அவங்க பக்கம், பாபா” என்றார். ஆப்பில் இருந்த வரைபடத்தில் எது யாருடைய பக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை.

சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாமே என்று நான் சொன்னபோதுதான் அவர் 1980 ஆகஸ்ட் 16-ஐப் பற்றிச் சொன்னார். ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இதே டெர்பி. இரு தரப்பும் ஒரே ஸ்டாண்டில் கலந்திருந்தது. கைகலப்பு, நெரிசல். 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. மேஷோ அன்று வேறு ஸ்டாண்டில் இருந்திருக்கிறார். பிரித்து உட்கார வைப்பதை வீம்பு என்று நினைக்காதே என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஸ்டேடியத்துக்கு வெளியே பிளாக்கில் மூன்று மடங்கு விலை கேட்டார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், போலி டிக்கெட்டோடு கேட்டிலிருந்து திரும்பியவர்களை ஆட்டத்தன்று கண்ணால் பார்த்தேன். எனக்கு உதவியது அலுவலகத்தில் உள்ள மோகன் பகான் ரசிகர் ஒருவர். அவர்களுடைய வாட்ஸப் குழுவில் கேட்டுப் பார்த்தார். ஹவுராக்காரர் ஒருவர் என்னைப் போலவே அவசரத்தில் எடுத்து, ஈஸ்ட் பெங்கால் பக்கத்து டிக்கெட் இரண்டோடு தவித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தன்று மதியம் உல்டாடாங்காவில் சந்தித்தோம். அவர் பச்சை-மெரூன் ஜெர்சி, மேஷோ கழுத்தில் சிவப்பு-தங்க மஃப்ளர். டிக்கெட்டை மாற்றிக்கொள்ள அரை நிமிடம் ஆனது. ஆனால் இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். 2024 ஆகஸ்ட் 18 அன்று, ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொலையான பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு இரண்டு கிளப் ரசிகர்களும் ஒன்றாக ஸ்டேடியத்துக்கு வெளியே நின்றார்களே, அன்றைக்கு ரத்தான டெர்பிக்காக அந்த இளைஞர் வாங்கிய டிக்கெட் இன்னும் அவர் பர்ஸில் இருந்தது. மேஷோவும் அன்று, வலிக்கிற காலோடு, ஸ்டேடியம் ஓரத்துப் பைபாஸ் சாலை வரை போயிருக்கிறார். இது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கேட்டில் தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், சில்லறைக் காசு எதையும் விடவில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே நுழைந்துவிடுங்கள். கேலரிக்கு ஏறும் சாய்தளம் நீளமானது. மேஷோ மூன்று இடத்தில் நின்றார். முன்பின் தெரியாத பையன்கள் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து மேலே கொண்டு சேர்த்தார்கள். பச்சைப் புல்தரை கண்ணில் பட்டதும் என் கையை விட்டுவிட்டு அவரே நடந்தார்.

தோற்றோம். அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. பஸ் பிடித்து வீடு சேரும்போது மணி பதினொன்றரை. படியேறுவதற்குள் ஹவுராக்காரரிடமிருந்து போன். மேஷோ பத்திரமாக வந்துவிட்டாரா, கால் வலிக்கிறதா என்று கேட்டார். மேஷோவிடம் கொடுத்தேன்.

“வந்துட்டேன். போய் இறால் சாப்பிடு” என்றார் மேஷோ. “அடுத்த தடவை இலிஷ் எங்க வீட்டுல. நீயும் வரணும்.”