வெள்ளைச் சிலைக்கு வண்ணச் சுவர்

கோப்பன்ஹேகனின் தோர்வால்சன் அருங்காட்சியகம் (1848) என்றால், அங்கே சிலைகள் இருக்கும் டென்மார்க் சிற்பி தோர்வால்சனைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கட்டிய கோட்லீப் பிண்டஸ்பெல்லையும் (1800–1856) பேச வேண்டும்.

அரண்மனையின் பழைய வண்டிக்கொட்டகையை மாற்றிக் கட்டியது அது. வெள்ளைப் பளிங்கை வெள்ளைச் சுவர்முன் வைத்தால் சிலையின் விளிம்பு கரைந்துவிடும். அதனால் அறைச் சுவர்களுக்கு அழுத்தமான வண்ணங்களைப் பூசினார். ஜன்னல்களை உயரத்தில் வைத்தார். வெளிச்சம் மேலிருந்து சாய்ந்து விழும்போது சிலையின் மூக்கு, துணிமடிப்பு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். தரையையும் பாருங்கள், அறைக்கு அறை வடிவம் மாறும். இத்தாலியிலும் கிரேக்கத்திலும் பழங்கட்டடங்களின் வண்ணங்களைப் படித்தவரின் கை அது.

வெளிச்சுவரில் தோர்வால்சன் 1838-இல் ஊர் திரும்பிய காட்சி. யோர்கன் சோன வரைந்தது. தூரிகைப் பூச்சு அல்ல, வண்ணச் சாந்தைப் பதித்துச் செய்த உருவங்கள். இருந்தும் டென்மார்க் மழையும் பனியும் அதை அரித்தன. 1950-களில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது பிண்டஸ்பெல் வடிவமைத்த புரூம்லெபு குடியிருப்பு. 1853 காலராவில் நெரிசலான கோப்பன்ஹேகனில் ஆயிரக்கணக்கானோர் மாண்டதும், மருத்துவர் சங்கம் நகர மதிலுக்கு வெளியே ஏழைகளுக்கு வீடு கட்ட அவரை அழைத்தது. தாழ்ந்த இரண்டடுக்கு வரிசைகள், நடுவே காற்றோட்டமான புல்வெளி. முடியுமுன்பே இறந்துவிட்டார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.