பன்றிச் செல் கிராஸ்மேட்ச்: பாசிட்டிவ் வந்தபின் செய்ய வேண்டியவை

பன்றி உறுப்பை மனிதருக்குப் பொருத்தும் முன் செய்யும் சோதனை கிராஸ்மேட்ச். மனித சீரத்தில் உள்ள ஆன்டிபாடி பன்றியின் வெள்ளணுக்களில் ஒட்டுகிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் முறை) பார்ப்பது கடினமான வேலை இல்லை. ஒட்டியது எந்த ஆன்டிஜெனில் (ஆன்டிபாடி பிடிக்கும் மூலக்கூறு) என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும்.

சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் காம்ப்ளிமென்ட் (ஆன்டிபாடி ஒட்டிய செல்லைக் கொல்லும் ரத்தப் புரதங்கள்) செயலிழக்கும். அந்தச் சூட்டில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகை கொஞ்சம் திரண்டு, செல்லில் அப்பிக்கொண்டு பொய்ப் பாசிட்டிவ் காட்டும். அதனால் 10,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுப்போம். குழாய்க்கு 2 லட்சம் செல், 25 சதவீத சீரம், 4 டிகிரியில் 30 நிமிடம். மூன்று முறை கழுவியபின், ஐஜிஜி-யையும் ஐஜிஎம் என்ற இன்னொரு வகையையும் பிடிக்கும் சாயமேற்றிய இரண்டாம் ஆன்டிபாடிகள்: ஆன்டி-ஐஜிஜி, ஆன்டி-ஐஜிஎம். செத்த செல்லில் எதுவும் ஒட்டும்; செத்த செல்லுக்குள் மட்டும் புகும் 7-ஏஏடி சாயம் சேர்த்து அவற்றைக் கணக்கிலிருந்து விலக்குங்கள்.

பன்றியின் பி செல் மேற்பரப்பில் அதன் சொந்த இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடிப் புரதம்) இருக்கிறது. இரண்டாம் ஆன்டிபாடியைப் பன்றிப் புரதத்துக்கு எதிராக உறிஞ்சிச் சுத்தம் செய்திருக்காவிட்டால் அதிலும் போய் ஒட்டும். சீரமே சேர்க்காத ஒரு குழாய் இல்லாமல் நாங்கள் எந்த முடிவையும் படிப்பதில்லை.

அடுத்து, ஒரே சீரத்தை மூன்று வகைச் செல்லில் ஓட்டுங்கள்: சாதாரணப் பன்றி, ஜிஜிடிஏ1 மரபணு நீக்கியது, அதோடு சிமா, பி4கால்என்டி2 மரபணுக்கள் இரண்டும் நீக்கியது. முதல் நீக்கத்திலேயே ஒளிர்வு சரிந்தால் காரணம் ஜிஜிடிஏ1 உருவாக்கும் ஆல்ஃபா-கால் சர்க்கரை. மூன்றும் நீக்கியபின்தான் சரிகிறதென்றால் சிமா உருவாக்கும் நியூ5ஜிசி அல்லது பி4கால்என்டி2 உருவாக்கும் எஸ்டிஏ சர்க்கரை. 2022-இல் மனிதருக்குப் பொருத்திய பன்றி இதயத்திலும் இந்த மூன்றும் நீக்கப்பட்டிருந்தன.

பலரும் கோட்டைவிடும் இடம் வளர்ப்பு ஊடகம். கன்றுச் சீரத்தில் நியூ5ஜிசி உண்டு. சிமா நீக்கிய செல்லும் அதை உள்வாங்கி மேற்பரப்பில் காட்டிவிடும். மரபணு நீக்கம் தோற்றதாக நினைத்து டிஎன்ஏ வரிசையை மறுபடி படிப்பதற்குள், சீரமில்லா ஊடகத்துக்கு மாற்றிப் பாருங்கள். பபூன் குரங்கின் சீரத்தை வைத்து மனிதருக்கு முடிவு சொல்வதும் சரிவராது: பபூனுக்கு நியூ5ஜிசி சொந்தச் சர்க்கரை. சிமா நீக்கிய செல்லில் அதன் ஆன்டிபாடி கூடுதலாகவே ஒட்டலாம்.

மூன்றும் நீக்கிய செல்லிலும் ஐஜிஜி விடாமல் ஒட்டினால் எஸ்எல்ஏ-வை (பன்றிச் செல்லின் திசு அடையாளப் புரதங்கள்) சந்தேகிக்க வேண்டும். முந்தைய மாற்றுறுப்பு, கர்ப்பம், ரத்தமேற்றல் வழியாக உருவான, எச்எல்ஏ-வுக்கு (மனிதரிடம் உள்ள அதே வகைப் புரதங்கள்) எதிரான ஆன்டிபாடிகளில் சில எஸ்எல்ஏ-விலும் ஒட்டும். எஸ்எல்ஏ வகுப்பு 1 இல்லாத செல் கிடைத்தால் அதே சீரத்தை அதில் ஓட்டி ஒப்பிடலாம்.

செல் சாகிறதா என்று பார்க்க முயலின் காம்ப்ளிமென்ட் போதும். காம்ப்ளிமென்ட் மட்டும் ஊற்றிய குழாயிலும் செல் செத்தால் அந்தத் தொகுதியைத் தூக்கி எறியுங்கள். கொல்வது ஐஜிஎம்-ஆ என்றறிய, ஐஜிஎம்-ஐ உடைக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பவர்கள், ஒப்பீட்டுக் குழாயில் அதே அளவு பஃபர் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் சீரம் நீர்த்ததால் வந்த சரிவை ஐஜிஎம் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.