எக்ஸ்எம்எல் ஐடிகளை வரிசைப்படுத்துதல்: எண் போடுவது சுலபம், சுட்டிகளில்தான் வேலை

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான எக்ஸ்எம்எல் வடிவமான ஜாட்ஸில் ஒரு கட்டுரை. நான்கு படங்கள், ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் ஐடி எஃப்1 முதல் எஃப்4 வரை. நான்காவது படத்தை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார் ஆசிரியர். நகர்த்தியதும் வரிசை எஃப்1, எஃப்4, எஃப்2, எஃப்3 என்று ஆகிவிடும். பதிப்பகமோ ஐடி வரிசையாக இருக்க வேண்டும் என்கிறது. சென்னை, புதுச்சேரி பக்கம் வெளிநாட்டு இதழ்களுக்கு எக்ஸ்எம்எல் தயாரிப்பவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

எடிட்டரில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போடலாமே என்று தோன்றும். எஃப்4-ஐ எஃப்2 ஆக்கிய நொடியில் கோப்பில் இரண்டு எஃப்2 வந்துவிடும். அடுத்து எஃப்2-ஐ எஃப்3 ஆக்கினால் இரண்டும் சேர்ந்தே மாறும். எக்ஸ்எம்எல் கோப்பை வேறு கோப்பாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி-யில் இந்தச் சிக்கல் கிடையாது. மூல மரம் (உள்ளீட்டுக் கோப்பின் உறுப்பு அமைப்பு) கடைசிவரை மாறாமல் இருக்கும், வெளியீடு தனியாக எழுதப்படும். அதனால் எந்த இடத்தில் நின்றாலும் பழைய ஐடியை வைத்து உறுப்பைக் கண்டுபிடிக்கலாம். மற்ற எல்லாமே இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

எந்த உறுப்புக்கு என்ன எழுதுவது என்று சொல்லும் விதிதான் டெம்ப்ளேட். அடித்தளம் வழக்கமான ஐடென்டிட்டி டெம்ப்ளேட்: எல்லா அட்ரிபியூட்டையும் (ஐடி போன்ற பண்பு) எல்லா நோடையும் (உறுப்பு, எழுத்து போன்ற மரத்தின் கணு) அப்படியே நகலெடுப்பது. அதன் மேல் படத்தைக் குறிக்கும் ஃபிக் உறுப்புக்கு ஒரு டெம்ப்ளேட். அதில் முதலில் பழைய அட்ரிபியூட்டுகளை நகலெடுத்து, பிறகு புது ஐடியை எழுத வேண்டும். ஒரே பெயரில் பின்னால் வருவது முன்னால் வந்ததை மேலெழுதிவிடும். குழந்தை உறுப்புகளை அனுப்பிய பிறகு அட்ரிபியூட் எழுதினால் பிழை.

எண்ணை எப்படி எடுப்பது? பைதான், பெர்ல் பழக்கத்தில் வருபவர்கள் ஒரு வேரியபிளை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டப் பார்ப்பார்கள். எக்ஸ்எஸ்எல்டி வேரியபிள் மாறாது, அந்த வழி மூடியது. அடுத்து, எத்தனையாவது நோடு என்று சொல்லும் பொசிஷன் ஃபங்ஷனுக்குப் போவார்கள். ஐடென்டிட்டி டெம்ப்ளேட் எல்லா நோடையும் அனுப்புவதால், உறுப்புகளுக்கு நடுவே உள்ள வெற்று டெக்ஸ்ட் நோடுகளும் கணக்கில் சேர்ந்து 2, 4, 6 என்று வரும். வெற்று டெக்ஸ்ட் நோடுகளை நீக்கும் ஸ்ட்ரிப்-ஸ்பேஸை எல்லா உறுப்புக்கும் போட்டு இதைச் சரிசெய்யாதீர்கள். பத்திக்குள் அடுத்தடுத்து வரும் சாய்வெழுத்துக்கும் தடித்த எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும் போய், சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அப்படியே சரிசெய்தாலும் ஒவ்வொரு செக்ஷனிலும் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும்.

பிரிசீடிங் ஆக்ஸிஸில் (தனக்கு முன்பே முடிந்தவை) உள்ள உறுப்புகளை எண்ணி ஒன்று கூட்டுவது இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் வழி. படத்துக்கு ஒத்துவரும், செக்ஷனுக்கு ஒத்துவராது. அந்த ஆக்ஸிஸில் தன்னைச் சூழ்ந்திருக்கும் மூதாதை உறுப்புகள் சேராது. முதல் செக்ஷனுக்கும் அதற்குள்ளேயே இருக்கும் முதல் துணைச் செக்ஷனுக்கும் 1 என்றே வரும். ஆன்செஸ்டர் ஆக்ஸிஸையும் சேர்த்து எண்ணினால் சரியாகும், ஆனால் வேகம் போய்விடும். 20,000 உறுப்பு உள்ள கோப்பில் ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கி நடந்தால் ஏறக்குறைய 20 கோடி எட்டு.

இந்த வேலைக்கென்றே இருப்பது நம்பர் கட்டளை. லெவலை 'எனி' என்று வையுங்கள், கவுண்டில் ஃபிக் என்று வெளிப்படையாக எழுதுங்கள். லெவலை விட்டுவிட்டால் 'சிங்கிள்' என்று எடுத்துக்கொண்டு உடன்பிறப்புகளை மட்டும் எண்ணும். ஃபார்மட்டில் 001 என்று கொடுத்தால் பூஜ்யம் நிரப்பித் தரும். அங்கேயே எஃப்1 என்று எழுதினால் முன்னொட்டு வரும் என்று நம்பாதீர்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒரே டோக்கனாக (துண்டாக) படிக்கப்பட்டு, புரியாத டோக்கனுக்குப் பதில் வெறும் 1 வரும். ஐடி வகை மதிப்பு எண்ணில் தொடங்கக் கூடாது என்பதால் கோப்பு வேலிடேஷனிலும் (விதிச் சோதனையிலும்) விழும். முன்னொட்டை வெளியே தனி டெக்ஸ்டாக எழுதுங்கள்.

இனி சுட்டிகள். கட்டுரைக்குள் படம் போன்ற உறுப்புகளைச் சுட்டும் எக்ஸ்ரெஃப் உறுப்பின் ஆர்ஐடி அட்ரிபியூட் பழைய ஐடியைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஐடியை வைத்துத் தேட ஒரு கீ (தேடல் அட்டவணை) அறிவியுங்கள். புது ஐடி தயாரிக்கும் டெம்ப்ளேட்டைத் தனி மோடில் (பெயர் சொல்லி அழைக்கும் தனிக் குழுவில்) ஒரே ஒருமுறை எழுதுங்கள். ஃபிக் இருக்கும் இடத்தில் அந்த மோடைத் தன்மேலேயே அழைக்க வேண்டும். ஆர்ஐடி இருக்கும் இடத்தில் கீ கண்டுபிடித்துத் தரும் உறுப்பின் மேல் அழைக்க வேண்டும். ஒரே டெம்ப்ளேட் என்பதால் இரண்டும் முரண்பட வழியே இல்லை. எண் மாற்றாத உறுப்புகளுக்கு அந்த மோடில் பழைய ஐடியையே திருப்பித் தரும் பொது டெம்ப்ளேட் ஒன்று வேண்டும். அடிக்குறிப்புகளும் எஃப் என்றே தொடங்கும் கோப்புகள் உண்டு. அங்கே புது ஐடி பழையதோடு மோதும். படத்துக்கு 'ஃபிக்', அடிக்குறிப்புக்கு 'எஃப்என்' என்று முன்னொட்டைப் பிரித்துவிடுவதே நல்லது.

ஒரே ஆர்ஐடியில் இடைவெளி விட்டுப் பல ஐடிகள் இருக்கலாம். 2007-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0 பதிப்பில், சரத்தைத் துண்டாக்கும் டோக்கனைஸ் ஃபங்ஷன் போதும். ஆனால் டோக்கன்களை ஒவ்வொன்றாகச் சுற்றும்போது கையில் இருப்பது வெறும் சரம், நோடு அல்ல. எந்த ஆவணத்தில் தேடுவது என்று கீ-க்குத் தெரியாமல் பிழை வரும். ஆவணத்தின் வேரை மூன்றாவது ஆர்கியுமென்டாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஸ்எல்டி-யை ஓட்டும் கருவிகளில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் 1.0 மட்டுமே புரிந்துகொள்ளும், அதில் டோக்கன்களைப் பிரிக்கத் தன்னையே அழைக்கும் ரிகர்சிவ் டெம்ப்ளேட்டோ நீட்டிப்பு ஃபங்ஷனோ வேண்டியிருக்கும். 2.0 தெரிந்த சாக்சனுக்கு மாறிவிடுவது மேல்.

மிக ஆபத்தானது, சுட்டி இருந்தும் படம் இல்லாத நிலை. எஃப்2 நீக்கப்பட்டது, அதைச் சொல்லும் எக்ஸ்ரெஃப் மட்டும் தங்கிவிட்டது என்று வையுங்கள். பழைய மதிப்பை அப்படியே விட்டால், வரிசைப்படுத்திய பின் புது எஃப்2 ஒன்று வந்திருக்கும். இணைப்பு வேறு படத்துக்குப் போகும், வேலிடேட்டர் வாயே திறக்காது. கீ காலியாக வந்தால் மெசேஜ் கட்டளையில் டெர்மினேட் போட்டு ஓட்டத்தையே நிறுத்துங்கள்.

ஐடி மாறியதால் வாசகர் பார்க்கும் 'படம் 4' என்ற எழுத்து மாறாது. லேபிளும் எக்ஸ்ரெஃப் உள்ளே உள்ள எழுத்தும் தனி வேலை. கோப்பின் வகையைச் சொல்லும் டாக்டைப் வரியும் வெளியீட்டில் காணாமல் போகும், அவுட்புட் கட்டளையில் பப்ளிக், சிஸ்டம் அடையாளங்களைத் திரும்பக் கொடுங்கள். கோப்பில் நேம்ஸ்பேஸ் (உறுப்புப் பெயர்களுக்கான குழு அடையாளம்) இருந்து டெம்ப்ளேட்டில் இல்லையென்றால் பிழையே வராது, எதுவும் மாறாமல் கோப்பு வெளியே வரும்.

முடிந்ததும் எக்ஸ்எம்எல்லின்ட் என்ற கருவியில் வேலிடேட் செய்யுங்கள். வெளியீட்டையே உள்ளீடாக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு வெளியீடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இணையத்தில் வெளியான கட்டுரையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். பக்க முகவரியின் கடைசியில் அந்தப் பழைய ஐடியை ஒட்டி யாராவது இணைப்புக் கொடுத்திருப்பார்கள்.