பெட்டிக்குக் கிடைக்காத காப்புரிமை

2019 ஐப்பசி மழையில் வாழப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு மாடு செத்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரைப் போட்டிருக்கிறது. போர்வெல் வாயில் கேபிள், குழாயைப் பிடித்திருக்கும் இரும்பு கிளாம்ப்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. ஈர மண்ணில் நின்ற மாடு கிளாம்ப்பை மூக்கால் தொட்டது, அவ்வளவுதான். அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் பெரியப்பா அதே இடத்தில் கால் கழுவிவிட்டுப் போயிருந்தார்.

சேலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன் நான். இருபது வருடமாக மெக்கர், அதாவது இன்சுலேஷன் பார்க்கும் கருவி, சுற்றிய கை. ஊர் மோட்டார்களுக்கெல்லாம் கசிவு பார்த்துச் சொல்பவன் வீட்டு மோட்டாரைப் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தில் செய்ததுதான் இந்தப் பெட்டி. மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான காண்டாக்டர் சேர்வதற்கு முன்னால், நின்றிருக்கும் மோட்டாரின் காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே சிறிதளவு டிசி மின்னழுத்தம் கொடுத்து மின்தடையை அளக்கும். அளவு குறைந்தால் கசிவு என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைப் போட விடாது, மணி அடிக்கும். அக்கம்பக்கத்தில் மூன்று தோட்டங்களில் சும்மா பொருத்திக் கொடுத்தேன்.

காப்புரிமை வாங்கலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு முகவரிடம் போனேன். வயதில் சிறியவர். சர்க்யூட் போர்டைப் பார்க்கவேயில்லை. “அண்ணா, இதை யாருக்காவது விற்றீர்களா? கண்காட்சியில் வைத்தீர்களா? வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டீர்களா?” என்றுதான் முதலில் கேட்டார். விற்கவில்லை, சோதனைக்குத்தான் கொடுத்தேன் என்றதும் மூச்சு விட்டார். விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறிய வெளியே வந்துவிட்ட பொருளைப் புதியது என்று நிலைநாட்டுவது கடினமாம். சோதனை ஓட்டத்துக்குச் சட்டத்தில் ஓராண்டு வரை ஒரு சலுகை உண்டு. அதுவும் பொது இடத்தில் சோதித்தே ஆகவேண்டிய பொருளுக்கு மட்டும். என் பிழைப்பு அந்த ஒற்றைப் பிரிவில் தொங்கியது.

2020 டிசம்பரில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதல் விளக்கத்தை, தாக்கல் செய்தோம். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முகவர் கட்டணம் தனி, அதைச் சொன்னால் இன்றும் வயிறு எரிகிறது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும். கசிவு, காயில், கிளாம்ப் என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலமாக்கினார். திருப்பிப் படித்துக் காட்டியபோது என் பெட்டி எனக்கே அடையாளம் தெரியவில்லை.

முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் அவகாசம். அந்தக் கோடையில் மூன்று தோட்டக்காரர்களும் ஒரே குறையைச் சொன்னார்கள்: மின்சாரம் போய் உடனே வந்தால் பெட்டி அடம்பிடிக்கிறது, இரவு கழித்துப் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. நான் ரிலேயைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். எங்கள் மோட்டாரின் அளவுகளை ஆரம்பத்திலிருந்தே நோட்டில் எழுதிவந்தவள் என் மனைவி. அதனால் விண்ணப்பமும் இருவர் பெயரில்தான் இருந்தது. ஒரு நாள் அந்த நோட்டை என் முன்னால் போட்டாள். “நின்றவுடன் எடுத்த அளவையும் விடியற்காலை எடுத்த அளவையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் எப்படிங்க?” என்றாள்.

சூடான காயிலின் இன்சுலேஷன் மின்தடை குறையும். 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. தெரிந்திருந்தும் பெட்டிக்குள் அதை வைக்கவில்லை. மோட்டார் நின்று எத்தனை நிமிடமாயிற்று என்பதைப் பெட்டி எண்ண வேண்டும். முன்பு அதே நேர இடைவெளியில் அதே மோட்டார் காட்டிய அளவோடு ஒப்பிட வேண்டும். எல்லா மோட்டாருக்கும் பொதுவான ஒரு வரம்பு கூடாது. அவளுடைய அட்டவணையை அப்படியே முழு விவரக்குறிப்பில் சேர்த்து 2021 நவம்பரில் கொடுத்தோம்.

இதில் ஒரு கசப்பு உண்டு. தற்காலிக விவரக்குறிப்பில் இல்லாத அம்சத்துக்கு முன்னுரிமைத் தேதி, அதாவது யார் முந்தியவர் என்று பார்க்கும் நாள், முழு விவரக்குறிப்பைக் கொடுத்த நாள்தான். ஆனால் காப்புரிமையின் 20 ஆண்டு எண்ணப்படுவது முதல் தாக்கலிலிருந்து. அவசரப்பட்டதற்கு இரண்டு பக்கமும் அடி.

விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம் என்று 2019இல் விதி வந்திருந்தது. படிவம் 18ஏ, 8,000 ரூபாய். முன்கூட்டியே வெளியிடப் படிவம் 9, அதற்கு 2,500 ரூபாய். இல்லாவிட்டால் 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும்.

நான்கு மாதத்தில் முதல் ஆய்வறிக்கை வந்தது. படித்த அன்று நான் சாப்பிடவில்லை. கோரிக்கைகள், அதாவது எங்களுக்கே உரிமை வேண்டும் என்று நாங்கள் எழுதிய அம்சங்கள், ஒன்பதுக்கும் ஆட்சேபம். பிரிவு 3(எஃப்): தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது கண்டுபிடிப்பாகாது. கூடவே இரண்டு வெளிநாட்டு ஆவணங்கள், ஒன்று அமெரிக்கா, ஒன்று சீனா. சீன ஆவணத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் வைத்துக்கொண்டு இருவரும் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தோம். நின்றிருக்கும் மோட்டாரில் கசிவு பார்ப்பது அதில் அப்படியே இருந்தது, வரைபடத்தோடு. மாடு செத்த கதையில் பிறந்ததாக நான் நம்பிய பெட்டியை எவரோ எப்போதோ செய்து முடித்திருந்தார். நின்ற நேரத்தை எண்ணுவது மட்டும் இரண்டிலும் இல்லை.

பதில் சொல்ல ஆறு மாதம் உண்டு. கோரிக்கையைச் சுருக்கலாம், முன்பு எழுதாத எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. நோட்டு அட்டவணை உள்ளே இருந்ததால் பிழைத்தோம். ஒன்பது கோரிக்கை நான்காயிற்று. சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு நான் ஒருமுறைகூடப் போகவில்லை, விசாரணையும் காணொளியில்தான். அதிகாரி கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றே: நேரத்தை எண்ணுவதால் அளவீட்டில் என்ன மாறுகிறது? முகவர் வாய் திறப்பதற்குள் என் மனைவி தமிழில் ஆரம்பித்துவிட்டாள். அதிகாரியும் தமிழர். எழுத்து வாதத்தை 15 நாளுக்குள் கொடுத்தோம்.

2023 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. மூன்றாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் 800 ரூபாயைக் கையோடு கட்டினேன். சோதனைக்குக் கொடுத்த மூன்று பழைய பெட்டிகளில் இரண்டைத் திரும்ப வாங்கிப் புதியதை மாட்டினேன். இம்முறை காசுக்கு. ஒருவர் மட்டும் பழையதே போதும் என்று வைத்துக்கொண்டார். வெயில் நாளில் அது அடம்பிடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் போன் வருகிறது.