கொலை வழக்கில் மனநிலையைச் சொல்ல யாருக்குத் தகுதி?

டெல்டா மாவட்டங்களில் ஒரு கொலை வழக்கில் "பையனுக்குப் புத்தி சரியில்லை" என்ற பேச்சு எழுந்ததுமே குடும்பம் சர்டிபிகேட்டுக்கு ஓடுகிறது. தெருமுனை கிளினிக் டாக்டரோ கவுன்சலிங் டிப்ளமோ முடித்தவரோ எழுதிக்கொடுத்த தாள் குறுக்கு விசாரணையில் நிற்காது.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநல மருத்துவர் என்றால் மனநல மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர். நாம் பார்ப்பது பெரும்பாலும் எம்.டி., டி.பி.எம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று சொல்லிக்கொள்ள எம்.எஸ்ஸி. சைக்காலஜி மட்டும் போதாது. ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதி வேண்டும்; வழக்கமாக அது இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். சித்தாவில் "சிறப்பு மருத்துவம்" என்ற பிரிவில் முதுநிலை முடித்தவரையும் அந்தச் சட்டம் மனநலத் துறையினராக ஏற்கிறது. ஆனால் குற்றவியல் நடைமுறையில் அவர் பெயர் வராது.

அந்த நடைமுறை இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367ஆம் பிரிவில் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு மனநிலை சரியில்லை என்று மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டால், முதலில் மாவட்ட சிவில் சர்ஜன் அல்லது அரசு குறிப்பிடும் மருத்துவ அதிகாரி பார்க்க வேண்டும். அவர் ஆமென்றால் அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவரிடமோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ அனுப்புவார். முடிவில் திருப்தியில்லை என்றால் மருத்துவ வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் வழக்கு தோற்பதுண்டு. காரணம், 367 கேட்பது இன்றைய நிலையை: இவரால் விசாரணையைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்ய முடியுமா? மனநிலை சரியில்லாதவர் செய்ததைக் குற்றமல்ல என்று விலக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, அதாவது பழைய இ.பி.கோ. 84, கேட்பது சம்பவ நேரத்து நிலையை: செய்வது என்ன, அது தவறு என்று அப்போது தெரிந்ததா? முதல் கேள்விக்கு வந்த அறிக்கையை இரண்டாவதற்குப் பதிலாக நீட்டினால் அரசுத் தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். நிரூபிக்கும் பாரம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், மேல்தான்; ஆனால் ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும் என்று 1964இல் தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பவத்துக்கு முன்பும், அப்போதும், பிறகும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான்.

ஆகவே எந்த நிபுணரை அழைத்தாலும் பட்டத்தோடு நிறுத்தாதீர்கள். என்னென்ன ஆவணம் படித்தார் என்று கேளுங்கள்: முதல் தகவல் அறிக்கை, சாட்சி வாக்குமூலங்கள், கைதான அன்றைய மருத்துவக் குறிப்பு, சிறை மருத்துவப் பதிவேடு, பழைய ஓ.பி. சீட்டுகள். சிறையில் மாத்திரை ஆரம்பித்து மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது ஆள் தெளிவாகப் பேசுவார். அன்றைய நிலையை இந்தத் தாள்கள்தான் சொல்லும். நம் பக்கத்துக் குடும்பங்களில் ஓ.பி. சீட்டே இருக்காது, மனநோய் தீர வேண்டி, திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்திருப்பார்கள். அது நோய் எப்போது தொடங்கியது என்பதற்கான தடயம். யார் கூட இருந்தார்கள், ஏன் அழைத்துப் போனார்கள் என்று கேட்டு எழுதாத நிபுணர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

பேச்சைத் தொடங்கும் முன், "நீங்கள் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும்" என்று நிபுணர் எதிரியிடம் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக்கு வந்த டாக்டர் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. முடிந்தால் வார்டில் சேர்த்து, நர்சுகளின் குறிப்போடு சில நாட்கள் கவனிப்பது ஒருமுறை பேட்டியைவிடப் பல மடங்கு மேல், நடிப்பும் அதில்தான் பிடிபடும். அறிக்கையில் "22ஆம் பிரிவு பொருந்தும்" என்று எழுதுவது நிபுணர் வேலையல்ல, அது நீதிபதியின் முடிவு. நோய் என்ன, அன்று அறிகுறிகள் இருந்ததற்கு எந்த ஆவணம் ஆதாரம், அறிவதை அவை எப்படிப் பாதித்திருக்கும், எதைச் சொல்ல முடியவில்லை என்று எழுதினால் போதும்.